கந்தளாயின் கடைக்கோடி வீடு வரை: வலையமைப்பும் செய்தியின் பயணமும்

1986 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20 ஆம் திகதி விடியுமுன் கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைப்பெடுத்தது. உறக்கத்தில் இருந்த கிராமங்கள் மீது வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் வீதிகளும் அழிந்தன. திருகோணமலை மாவட்ட மக்களின் நினைவில் இருந்து இன்றும் அகலாத அவ்வனர்த்தத்தை நாம் வழமையாக நீரின் கதையாகவே நோக்குகின்றோம். ஆனால் அது செய்தியின் கதையும் ஆகும். வெள்ளம் அணைக்கட்டில் இருந்து தொலைவிலுள்ள வீட்டு வாசலை அடைவதற்குச் சிறிது நேரமேனும் எடுக்கும். அந்த நேரத்திற்குள் ஒவ்வொரு வீட்டையும் எட்டி எழுப்பக்கூடிய சாதனம் எதுவும் அன்று இருக்கவில்லை. இலங்கையில் முதலாவது செல்லிடத் தொலைபேசிச் சேவையே 1989 ஆம் ஆண்டில்தான் ஆரம்பமானது.

இன்று நிலைமை வேறு. மூவின மக்களும் வாழும் கந்தளாயில் வயலுக்குச் செல்லும் விவசாயியின் சட்டைப் பையிலும், பாடசாலை மாணவியின் புத்தகப் பையிலும், சந்தை வியாபாரியின் கையிலும் தொலைபேசி இருக்கின்றது. எனினும் அதற்குள் செய்தி எவ்வாறு வந்து சேருகின்றது என்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அது பொறியியலாளர்களின் விடயம், எமக்கு எதற்கு என்று ஒதுக்கிவிடுகின்றோம். தனது வயலுக்கு நீர் எந்த வாய்க்கால் வழியாக, எந்தத் துருசைத் தாண்டி வருகின்றது என்பதை அறிந்த விவசாயிக்கு, நீர் நின்றுபோனால் எங்கே சென்று கேட்க வேண்டும் என்பதும் தெரியும். செய்தியின் வாய்க்கால்களையும் அவ்வாறே நாம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் அனர்த்த வேளையில் நின்றுபோவது பெரும்பாலும் செய்தியே.

வலையமைப்பு என்பது யாது?

இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய கணனிகள் தமக்குள் தகவல்களைப் பரிமாறிக்கொள்ளும் வகையில் இணைக்கப்படுமாயின் அதனைக் கணனி வலையமைப்பு என்கிறோம். எமது கையிலுள்ள தொலைபேசியும் ஒரு கணனியே. வலையமைப்பு ஒன்றுக்கு மூன்று அம்சங்கள் அவசியமாகும். முதலாவது, அனுப்பும், பெறும் சாதனங்கள். இரண்டாவது, அவற்றை இணைக்கும் ஊடகம். அது செப்புக் கம்பியாகவோ, கண்ணாடி இழையாகவோ, வானலையாகவோ இருக்கலாம். மூன்றாவது, எவ்வாறு பேசுவது என்பது பற்றிய உடன்பாடு. இந்த உடன்பாட்டையே நெறிமுறை என்பர். சாதனமும் ஊடகமும் இருந்தும் நெறிமுறை இல்லையெனில், ஒருவர் தமிழிலும் மற்றவர் ஜப்பானிய மொழியிலும் தொலைபேசியில் உரையாடுவது போன்றே அது முடியும்.

பாடசாலைக் கணனி அறையில் உள்ள இருபது கணனிகள் தமக்குள் இணைக்கப்பட்டிருந்தால் அது சிறு பரப்புக்குரிய வலையமைப்பு. கந்தளாயிலுள்ள வங்கிக் கிளை கொழும்பிலுள்ள தலைமை அலுவலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தால் அது பரந்த பரப்புக்குரிய வலையமைப்பு. இவ்வாறு உலகெங்கும் பரந்து கிடக்கும் எண்ணற்ற வலையமைப்புக்கள் ஒரே நெறிமுறையை ஏற்று ஒன்றோடொன்று இணைந்ததன் விளைவே இணையம். எனவே இணையம் என்பது ஒரு தனி நிறுவனத்தின் உடைமையன்று. அது வலையமைப்புக்களின் வலையமைப்பாகும்.

இதனை விளங்கிக்கொள்வதற்குக் கந்தளாய் மக்கள் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. மகாவலி கங்கையின் நீர் பொல்கொல்லவில் திசைதிருப்பப்பட்டு, போவத்தென்ன, எலஹெர ஊடாக மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் ஆகிய குளங்களை வந்தடைகின்றது. ஒவ்வொரு குளமும் தனித்தனியே கட்டப்பட்டது. தமிழ் மரபு கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டு மன்னனோடு இணைத்துப் பேசுகின்றது. சிங்கள வரலாற்று நூல்கள் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி மன்னனைக் குறிப்பிடுகின்றன. தனித்தனியே எழுந்த குளங்கள் கால்வாய்களால் இணைக்கப்பட்டபோது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் ஆற்றலைப் பெற்றன. இணையமும் அவ்வாறே உருவானது. வேறுபாடு ஒன்றுண்டு. நீர் மேட்டில் இருந்து பள்ளத்திற்கு மட்டுமே பாயும். தகவலோ இரு திசையிலும் பாயும். ஆகவே வலையமைப்பில் ஒவ்வொருவரும் பெறுபவராக மட்டுமன்றி அனுப்புபவராகவும் இருக்கின்றார்.

பொதி பொதியாய்ப் பிரியும் செய்தி

பழைய தொலைபேசி முறையில் இருவர் உரையாடும்போது அவ்விருவருக்கும் இடையே ஒரு முழு வழி ஒதுக்கப்பட்டது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் அவ்வழியை வேறெவரும் பயன்படுத்த முடியாது. இடையில் ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உரையாடலும் அறுந்துவிடும். இக்குறையைப் போக்கும் எண்ணம் 1960 களில் இருவருக்குத் தனித்தனியே தோன்றியது. ஒருவர் அமெரிக்காவின் போல் பரன். மற்றவர் பிரித்தானியாவின் டொனால்ட் டேவிஸ். செய்தியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முகவரியும் இலக்கமும் இட்டு, கிடைக்கும் வழியில் அனுப்பிவிட்டு, சேருமிடத்தில் மீண்டும் ஒன்றுசேர்ப்பதே அவர்களது யோசனை. அத்துண்டுகளையே பொதிகள் என்கிறோம். இந்த முறையைப் பின்பற்றி அமைக்கப்பட்ட ஆர்பாநெட் வலையமைப்பில் 1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி முதலாவது செய்தி அனுப்பப்பட்டது.

கந்தளாயில் இருந்து திருகோணமலைக்குத் திருமணத்திற்குச் செல்லும் ஒரு பெரிய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏற முடியாது. சிலர் தம்பலகாமம் வழியான பிரதான வீதியில் செல்கின்றனர். அவ்வீதியில் தடை ஏற்பட்டால் ஏனையோர் அல்லை வீதியால் சென்று மூதூர், கிண்ணியா ஊடாகத் திருகோணமலையை அடையலாம். முன்னே புறப்பட்டவர் பின்னே சேரலாம். பின்னே புறப்பட்டவர் முன்னே சேரலாம். மண்டபத்தில் எல்லோரும் கூடியதும் எவர் வந்தார், எவர் வரவில்லை என்று கணக்கெடுக்கப்படுகின்றது. வராதவரைத் தேடி ஆள் அனுப்பப்படுகின்றது. பொதிகளின் பயணமும் இத்தகையதே. சந்திக்குச் சந்தி நின்று, இவ்வழியில் நெரிசல், அவ்வழியால் செல்க என்று திசைகாட்டும் சாதனமே ரவுட்டர் எனப்படுவது. வராத பொதியை மீண்டும் கேட்டுப் பெறும் பொறுப்பை நெறிமுறை ஏற்கின்றது. விண்ட் சேர்ப், பொப் கான் ஆகிய இருவரும் 1974 இல் வெளியிட்ட இந்த நெறிமுறை 1983 ஜனவரி முதலாம் திகதி ஆர்பாநெட்டில் நடைமுறைக்கு வந்தது. அதுவே இன்றளவும் இணையத்தின் அடித்தளமாகும்.

இங்கே கவனிக்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. மாற்று வழி இருந்தால்தான் இந்த முறை பயன்தரும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியா மக்கள் பாதைச் சேவையை நம்பியிருந்தனர். பாதை நின்றால் பயணமும் நின்றது. ஒரே ஒரு வழியை மட்டும் கொண்ட வலையமைப்பும் அத்தகையதே. அதன் கருவிகள் எவ்வளவு நவீனமாக இருப்பினும் அது பாதையை நம்பியிருக்கும் ஊருக்கே ஒப்பாகும்.

முகவரியும் பெயரும்

ஒவ்வொரு பொதிக்கும் சேருமிடத்தின் முகவரி தேவை. இணையத்தில் அது எண்களால் ஆனது, ஐ.பி. முகவரி என அழைக்கப்படுகின்றது. ஆரம்பத்தில் வகுக்கப்பட்ட முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கே இடமிருந்தது. அது போதும் என்று அன்று கருதப்பட்டது. ஒவ்வொரு கையிலும் ஒரு கணனி வந்த பின்னர் அது போதாமற் போனது. ஆகவே எண்ணிப் பார்க்க முடியாத அளவு முகவரிகளைத் தரும் புதிய முறையும் இன்று பயன்பாட்டில் இருக்கின்றது.

எண்களை மனிதர் நினைவில் வைத்திருப்பது கடினம். எனவே இணையத்தளங்களுக்குப் பெயர்களும், அப்பெயரை உரிய எண்ணாக மாற்றித் தரும் பதிவேடுகளும் 1980 களில் உருவாக்கப்பட்டன. இலங்கைக்குரிய ஆள்களப் பெயர் 1990 ஆம் ஆண்டில் கிடைத்தது. அதனைப் பேணும் பணி மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாயிற்று. இந்நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைத்த வலையமைப்பும் அக்காலத்தில் அங்கிருந்தே வேர்விட்டது. 1995 இல் பொதுமக்களுக்கான வர்த்தக ரீதியிலான இணையச் சேவை தொடங்கியது. 2010 இல் ".இலங்கை" என்னும் தமிழ் எழுத்திலான ஆள்களப் பெயரும் அங்கீகாரம் பெற்றது. அதாவது, முகவரி முதல் உள்ளடக்கம் வரை அனைத்தையும் தமிழிலேயே எழுதுவதற்கு இன்று தொழில்நுட்ப ரீதியில் எவ்விதத் தடையும் இல்லை. இதனை மனதிற் கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இவ்விடயத்திற்கு நாம் மீண்டும் வர வேண்டியிருக்கும்.

கம்பியில்லாத் தொலைபேசிக்குப் பின்னால் உள்ள கம்பி

கந்தளாய் பேராற்றில் உள்ள ஒரு தாய்க்குக் கட்டாரில் பணிபுரியும் மகன், "உம்மா, காசு அனுப்பிவிட்டேன்" என்று ஒரு செய்தி அனுப்புகின்றான் எனக் கொள்வோம். அது காற்றிலேயே பறந்து வருவதாகவே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மையில் அது காற்றில் பயணிப்பது இரு முனைகளிலும் ஒரு சிறு தூரம் மட்டுமே. மகனின் தொலைபேசியில் இருந்து அங்குள்ள கோபுரம் வரையும், கந்தளாயில் உள்ள கோபுரத்தில் இருந்து தாயின் தொலைபேசி வரையுமே அது வானலையாக இருக்கின்றது. இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கிலோமீற்றரில் பெரும்பகுதியை அது தலைமயிரை ஒத்த கண்ணாடி இழைகளுக்குள் ஒளித்துடிப்பாகக் கடக்கின்றது. அந்த இழைக்குள் ஒளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் தூரம் செல்லும். கண்ணாடி இழையால் தொலைதூரத் தொடர்பாடல் சாத்தியம் என்பதை 1966 இல் எடுத்துக்காட்டிய சார்ள்ஸ் காவோ, 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார்.

வெளிநாடுகளில் இருந்து வரும் கடலடி வடங்கள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய இடங்களில் கரையேறுகின்றன. அங்கிருந்து நாட்டினுள் செல்லும் இழைகளும், கோபுரத்தில் இருந்து கோபுரத்திற்குத் தாவும் நுண்ணலைகளும் கந்தளாயை எட்டுகின்றன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றை அருகே கொண்டிருந்தும், எமது மாவட்டத்தின் செய்திகள் தீவைக் குறுக்கே கடந்து மேற்கிலும் தெற்கிலும் உள்ள கரைகளில் இருந்தே வருகின்றன.

இவ்வடங்கள் கடலின் ஆழத்தில் இருப்பதால் எவ்வித ஆபத்தும் இல்லை என்று கூறுவதற்கில்லை. 2004 ஆகஸ்ட் மாதத்தில் கொழும்பிற்கு அண்மையில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தியதால் நாட்டின் இணையத் தொடர்பும் வெளிநாட்டுத் தொலைபேசித் தொடர்பும் பெரிதும் பாதிக்கப்பட்டன. ஒரு நங்கூரம் ஒரு நாட்டையே மௌனமாக்க முடிந்தமைக்குக் காரணம், அன்று மாற்று வழிகள் போதாமல் இருந்ததேயாகும். அதன் பின்னர் வேறு பல வடங்கள் வந்துள்ளன. 2025 செப்டெம்பரில் செங்கடலில் வடங்கள் அறுந்தபோது ஆசியாவிலும் வளைகுடாவிலும் இணையத்தின் வேகம் குறைந்தது. ஆனால் தொடர்பு முற்றாக நின்றுவிடவில்லை. பொதிகள் வேறு வழிகளைத் தேடிக்கொண்டன.

நிலத்திலும் நீரிலும் வழி இல்லாதவிடத்து வானத்தை நாடலாம். பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவரும் செய்மதிகளைக் கொண்டு உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரையில் எடுத்துரைத்தவர் ஆர்தர் சி. கிளார்க். அவர் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தின் கடலடி எச்சங்களை ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர் என்பது எமது வாசகர்களுக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. அவர் கூறிய செய்மதிகள் 35,786 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால், குரல் அங்கு சென்று திரும்புவதற்கு ஏறத்தாழ கால் வினாடி செல்லும். இத்தாமதத்தைக் குறைப்பதற்காக ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செய்மதிகளின் சேவை 2025 இல் இலங்கையிலும் ஆரம்பமானது. கோபுரம் சாய்ந்தாலும் இழை அறுந்தாலும் இயங்கக்கூடியது என்பது இதன் சிறப்பு. ஆனால் அதற்குரிய கருவியின் விலையையும் மாதக் கட்டணத்தையும் சாதாரண குடும்பம் ஒன்று தாங்குவது எளிதன்று.

எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால்

வாய்க்காலின் அகலத்திற்கு எல்லை இருப்பது போன்று வலையமைப்பின் கொள்ளளவுக்கும் எல்லையுண்டு. ஒரு கோபுரம் ஒரே வேளையில் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அழைப்புக்களையே தாங்கும். சாதாரண நாளில் ஊரில் ஒரு சிறு பகுதியினரே ஒரே நேரத்தில் பேசுவர் என்ற கணக்கில்தான் கோபுரங்கள் அமைக்கப்படுகின்றன. அனர்த்தம் நிகழும்போது எல்லோரும் ஒரே கணத்தில் உறவினரை அழைக்கின்றனர். அப்போது தொலைபேசி கையில் இருந்தும் தொடர்பு கிடைப்பதில்லை. இதனாலேயே அவ்வேளைகளில் குரல் அழைப்பைத் தவிர்த்துக் குறுஞ்செய்தி அனுப்புமாறு அறிவுறுத்தப்படுகின்றது. குறுஞ்செய்தி மிகச் சிறிய பொதி. நெரிசலில் அது காத்திருந்தேனும் சென்றுவிடும்.

ஆயினும் இலட்சம் பேருக்கு இலட்சம் குறுஞ்செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்புவதற்கு நேரம் தேவை. இதற்கு மாற்றாகக் கோபுர ஒலிபரப்பு எனக் கூறத்தக்க ஒரு முறை உள்ளது. இதில் கோபுரம் ஒரே ஒரு செய்தியை ஒரு முறை வெளியிடுகின்றது. அதன் எல்லைக்குள் இருக்கின்ற, இவ்வசதி செயற்படும் தொலைபேசிகள் அனைத்தும் ஏககாலத்தில் அதனைப் பெறுகின்றன. எவருடைய இலக்கமும் தேவையில்லை; நெரிசலும் தடையாகாது. ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டுவதற்கும் ஒலிபெருக்கியில் ஒரு முறை அறிவிப்பதற்கும் உள்ள வேறுபாடே இதுவாகும். குறிப்பிட்ட ஒரு குளத்தின் கீழ் உள்ள கிராமங்களுக்கு மட்டும் எச்சரிக்கை விடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான முறை அரிது.

அறிந்தவருக்கும் அறிய வேண்டியவருக்கும் இடையில்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் அதிர்வை விரைவிலேயே அறிந்துகொண்டது. அலை இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட்டதோ ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தின் பின்னரே. கிழக்குக் கரை தாக்குண்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து, நாட்டின் மறுபுறத்தில் பெரலியவில் ஒரு ரயில் அலையில் சிக்கியது. அதில் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிர்வை அறிந்தவர்கள் இருந்தார்கள். தொலைபேசியும் இணையமும் செய்மதியும் இருந்தன. அறிந்தவரையும் அறிய வேண்டியவரையும் இணைக்கும் கடைசி இழை மட்டும் இருக்கவில்லை.

அதன் பின்னர் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அதன் 117 என்னும் அவசரத் தொலைபேசி இலக்கமும் வந்தன. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. கையடக்கத் தொலைபேசி ஊடாக எச்சரிக்கை விடுக்கும் முறைமை ஒன்றும் 2009 இல் அறிமுகப்படுத்தப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் கரையோரத்தில் நிற்கும் சுனாமிக் கோபுரத்தின் ஒலி, உள்நாட்டில் ஒரு பெருங்குளத்தின் அடிவாரத்தில் வாழ்பவரின் காதில் விழாது.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளி இக்குறைகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தது. நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எமது மாவட்டத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். நாட்டின் பல பகுதிகளில் மின்சாரம் தடைப்பட்டது, இழைகள் அறுந்தன, கோபுரங்களின் மின்கலங்கள் தீர்ந்து அவை ஓய்ந்தன. கம்பியில்லாத் தொலைபேசி என்பது உண்மையில் கம்பியையும் மின்சாரத்தையும் நம்பியிருப்பது என்பதைப் பலர் அன்றுதான் உணர்ந்தனர்.

அதனோடு இன்னொரு முறைப்பாடும் எழுந்தது. எச்சரிக்கைகள் தமிழில் போதிய அளவிலும் உரிய வேளையிலும் வரவில்லை என்பதே அது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. சட்டம் இருந்தும் நடைமுறையில் குறை நேரும்போது, தொழில்நுட்பத்தின் மீது பழிபோடும் வழக்கம் உண்டு. அதனைச் சற்று ஆராய்வோம். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துக்களாயின் 160 இடம்பெறலாம். தமிழாயின் 70 குறிகளே இடம்பெறும். அதிலும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் புள்ளியும் தனிக் குறிகளாகக் கணக்கிடப்படும். "குளக்கட்டு" என்னும் ஆறெழுத்துச் சொல்லுக்குப் பத்துக் குறிகள் செலவாகும். ஆகவே ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியில் அடங்குவது தமிழில் இரண்டோ மூன்றோ ஆகலாம். ஆனால் சிங்களத்திற்கும் இதே 70 என்ற வரையறைதான். அந்த மொழியில் அனுப்ப முடிந்ததைத் தமிழில் அனுப்ப முடியாது என்பதற்குக் கணனி ஒருபோதும் காரணமாகாது. எழுத வேண்டிய மேசையில் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் அமர்ந்திருக்கிறாரா என்பதே கேள்வி.

வலையமைப்பைப் பொறுத்தவரை எல்லாப் பொதிகளும் ஒன்றே. அதற்கு மொழி தெரியாது, இனம் தெரியாது, உண்மை, பொய்யும் தெரியாது. இந்த இறுதி விடயத்தையும் நாம் மறத்தலாகாது. "குளம் உடைந்துவிட்டது" என்ற உண்மைச் செய்தி செல்லும் அதே வேகத்தில் அதே வார்த்தைகளைக் கொண்ட வதந்தியும் செல்லும். நள்ளிரவில் வதந்தியை நம்பி ஓடிய மக்கள், மறுமுறை உண்மை எச்சரிக்கை வரும்போது படுத்தே இருப்பார்கள். உரிய இடத்தில் இருந்து, உரிய மொழியில், உரிய நேரத்தில் செய்தி வருமாயின் வதந்திக்கு இடமிராது. உத்தியோகபூர்வச் செய்தி மௌனமாக இருக்கும் இடத்திலேயே வதந்தி குடியேறுகின்றது.

ஊர் செய்ய வேண்டியது

இவ்வாறாயின் கந்தளாய் போன்ற ஊர்கள் என்ன செய்யலாம்? அதிவேக இணையம் வேண்டும் என்று கேட்பதோடு நின்றுவிடாது, சில எளிய கேள்விகளை நாம் எழுப்ப வேண்டும். எமது பிரதேசத்தின் கோபுரங்களுக்கு மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரத்திற்கு மின்கலமும் மின்பிறப்பாக்கியும் உண்டு? அவற்றை வந்தடையும் இழை ஒரே வீதியோரமாக மட்டும் வருகின்றதா, அன்றி மாற்று வழியும் உண்டா? குளத்தின் நீர்மட்டம் அபாய எல்லையை எட்டினால் நீர்ப்பாசன அதிகாரியின் மேசையில் இருந்து அச்செய்தி யார் யாரைக் கடந்து கடைசி வீட்டை அடைகின்றது? அப்பாதையில் உள்ள ஒருவரின் தொலைபேசி அணைந்திருந்தால் மாற்று யார்? இக்கேள்விகளைப் பிரதேச செயலகத்திடமும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

கடைசி இழையை ஊரே அமைத்துக்கொள்ளவும் முடியும். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், கோயிலின் மணியும், விகாரையின் ஒலிபெருக்கியும் எந்தச் செய்மதியையும் நம்பியிருப்பவை அல்ல. ஒரு மின்கலம் இருந்தால் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி இயங்கும்; கோயில் மணிக்கு அதுவும் தேவையில்லை. எனவே ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும், எச்சரிக்கையைப் பெற்று இவ்விடங்களுக்கு அறிவிக்கும் பொறுப்பு மும்மொழி தெரிந்த இருவரிடமோ மூவரிடமோ முன்கூட்டியே ஒப்படைக்கப்பட வேண்டும். தொலைபேசி இல்லாத முதியோர், காது கேளாதோர், தனித்து வாழும் பெண்கள் ஆகியோரின் வீடுகள் எவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருப்பது நல்லது. வானொலிக்கு நெரிசல் இல்லை; எத்தனை பேர் கேட்டாலும் அது தளர்வதில்லை. பாடசாலைகளில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் கற்கும் மாணவர்களைக் கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஒத்திகை நடத்தினால், பாடமும் பயனாகும், ஊரும் விழிப்படையும்.

போல் பரன் முதல் இன்றைய பொறியியலாளர் வரை எல்லோரும் வலியுறுத்தும் விதி ஒன்றே: ஒரு வழி அடைபட்டால் மறு வழி இருக்க வேண்டும். இழை அறுந்தால் செய்மதி. செய்மதி இல்லையேல் வானொலி. வானொலியும் இல்லையேல் ஒலிபெருக்கி. அதுவும் ஓய்ந்தால் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் கை. இவை அனைத்தும் சேர்ந்ததே ஒரு சமூகத்தின் வலையமைப்பு. அடுத்த வடகீழ்ப் பருவமழை தொடங்குவதற்கு முன்னர், தமது கிராமத்தில் இவற்றுள் எவை உள்ளன, எவை இல்லை என்பதை வாசகர்கள் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பார்களாயின், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரைச் சந்திப்பார்களாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாக அமையும்.